அந்த 12 படத்துல எத விட்டீங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஒரு கவின்கலைக் கல்லூரியில படிப்ப முடிச்சு வெளிய போற பிள்ளைங்களுக்கான போட்டோ பரிசுக்கு நடுவரா போனத பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அந்த நாலு வரிக்கு வந்த கேள்விங்க இந்த பகுதிக்கு வழக்கமா வர்றத விட ரொம்பவே அதிகம். கடைசி வருஷ மாணவர்கள், அவங்களப் பெத்தவங்க, வாத்தியார்கள், ஸ்டுடியோ வச்சிருக்கறவங்கன்னு எல்லா பக்கமும் இருந்து எழுதியிருக்கீங்க. மாணவர்கள்ல பல பேரு பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிட்டதால இந்த தடவ எல்லாருக்குமே ஊர் மட்டும்தான். போட்டியோட விதிய மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா பதில் பாதி புரியாது: ஒருத்தர் 12 படம் வரைக்கும் தரலாம், எல்லாம் ஒரே விஷயத்த பத்தினதா இருக்கணும், பிரிண்ட் போட்டுத்தான் தரணும், கூட ஒரு பக்கத்துக்குள்ள ஒரு குறிப்பு. நடுவர்கள் மூணு பேர்.

என்கிட்ட நல்ல படம்னு 40 இருக்கு சார். 12தான்னா எத விடறதுன்னே தெரியல. ஒரே ஒரு படம் சூப்பரா இருந்தா அதுக்கே பரிசு குடுத்தா என்ன?
– கடைசி வருஷ மாணவி, கும்பகோணம்

ஒத்தப் படத்துக்கு பரிசு தர்ற போட்டி ஏகப்பட்டது இருக்கும்மா, அந்த சூப்பர் படத்த அங்க அனுப்புங்க. படிப்ப முடிக்கறவங்களுக்கு குடுக்கற பரிசு வேற மாதிரி. நல்ல படம் ஒன்னு யாருக்கு வேணாலும் அமைஞ்சிடும், நல்ல வெயில்ல நல்ல எடத்துல நின்னா போதும். 12 படம் ஒன்னோட ஒன்னு பேசற மாதிரி நிக்கறது தானா அமையாது, அது உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணி செய்யற வேலை, நாலு வருஷம் படிச்சதுல என்ன தேறுச்சுங்கறது அந்த முடிவுலதான் தெரியும். எத எடுத்தீங்க, எத விட்டீங்க, எதுக்கு பக்கத்துல எத வச்சீங்க. நான் பாக்கறது இத மட்டும்தான்னு சொன்னாலும் தப்பில்ல.

இந்த வருஷம் பரிசு வாங்கின தொகுப்ப பத்தி சொல்றேன். பையன் சனி ஞாயிறுல ஒரு கல்யாண போட்டோகிராபருக்கு அசிஸ்டன்டா போறவன். பந்தியெல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பினதுக்கப்புறம், மதியம் ரெண்டு மணிக்கு மேல மண்டபம் எப்படி இருக்கும்கறதத்தான் எடுத்திருந்தான். ஒரு படத்துல மேடை மேல அந்த பெரிய ராஜா ராணி சேர்ல லைட் புடிக்கற பையன் தூங்கறான், கால்ல செருப்பு இல்ல, மடியில லைட்டோட ஒயர் சுருட்டி வச்சிருக்கு, பின்னாடி தெர்மாகோல்ல வெட்டி ஒட்டின மாப்பிள்ள பேர்ல பாதிய அவன் தலை மறைக்குது. இன்னொன்னுல பாத்திரம் கழுவற அம்மா, மிச்சமான தாம்பூலப் பைய ஒவ்வொன்னா பிரிச்சு தேங்காய மட்டும் தனியா எடுத்து அடுக்கறாங்க. முகம் தெரியல, புடவையோட ஈரமான ஓரமும் அந்த அடுக்கும்தான் தெரியுது. 12 வரைக்கும் தரலாம்னு இருந்தும் அவன் குடுத்தது 9. ரிசல்ட் வந்தப்புறம் அவங்க வாத்தியார் சொன்னாரு, பொண்ணு மாப்பிள்ள படமே அவன்கிட்ட பிரமாதமா நிறைய இருக்கு, ஒன்னக்கூட சேர்க்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான்னு. அந்த பிடிவாதத்துக்குத்தான் பரிசுன்னு நான் நினைக்கறேன்.

உங்க 40க்கு வழி சொல்றேன். மொபைல்ல பாத்து தேர்ந்தெடுக்காதீங்க, அதுல ஒவ்வொன்னாத்தான் பாக்க முடியும், ஒவ்வொன்னா பாத்தா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். லேப்ல குடுத்து 4க்கு 6 சைஸ்ல சாதாவா பிரிண்ட் போட்டு வீட்டு தரையில மொத்தத்தையும் பரப்புங்க. ஒரே விஷயத்த சொல்ற படங்கள ஒரு குவியலா சேருங்க, குவியலுக்கு ஒன்னு எடுத்துக்கிட்டு மத்தத மூடி வைங்க, ரெண்டு நாள் அந்த பக்கமே போகாதீங்க. திரும்பி வந்து பாக்கறப்ப ஏதோ ஒன்னு மத்ததோட ஒட்டாம தனியா மினுக்கிக்கிட்டு இருக்கும். பெரும்பாலும் அதுதான் உங்களோட சூப்பர் படமா இருக்கும். அத எடுத்துட்டு பாருங்க, மத்ததெல்லாம் மூச்சு விடும்.

உங்க ஊருக்கு பக்கத்துலயே இதுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கு. லின்னேயஸ் ட்ரைப்னு மெட்ராஸ் அரசாங்கத்துக்கு போட்டோகிராபரா இருந்தவரு 1858ல தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு வந்தாரு. விமானத்தோட அடிப்பீடத்த சுத்தி ஓடுதே கல்வெட்டு, அது எந்த கேமராவுலயும் ஒரே படத்துல அடங்காது, அதனால கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து நகர்ந்து எடுத்து 21 பிரிண்ட ஒன்னோட ஒன்னு ஒட்டி கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினாரு. அதுல ஒரு துண்ட மட்டும் எடுத்துப் பாத்தா கல்லும் எழுத்தும்தான் இருக்கும், அழகா கூட இருக்காது. மொத்தமா விரிச்சாத்தான் பீடத்த கையால தடவிக்கிட்டே நடக்கற மாதிரி இருக்கும். எந்த துண்டும் மத்தத விட ஒசத்தியா நிக்க முயற்சி பண்ணல பாருங்க, தொகுப்புன்னா எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

போன்ல எடுத்தத ஏத்துப்பீங்களா?
– மதுரை

ஏத்துப்போம், ஏத்துக்கிட்டோம். எதுல எடுத்தாங்கன்னு நடுவர்களுக்கு சொல்லவே கூடாதுங்கறது என் கட்சி, லட்ச ரூபா கேமரா வாங்க முடிஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே எத்தனையோ வசதி இருக்கு, நடுவரோட மரியாதையும் கூட சேர வேண்டாம். ஒன்னே ஒன்னு மட்டும் பாத்துக்கோங்க, ராத்திரியில எடுத்த போன் படத்த 20க்கு 30ன்னு பெருசாக்கினா முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆயிடும், அத 8க்கு 10ல போடுங்க. சின்னதா இருந்தா நாங்க கிட்ட வந்து பாத்துக்குவோம்.

மூணு பேரும் தனித்தனியா மார்க் போட்டு கூட்டினா முடிஞ்சு போச்சு. மணிக்கணக்கா பேசறீங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதுலதான சிபாரிசு நுழையுது?
– ஓவிய ஆசிரியர், சென்னை

சார், உங்க சந்தேகம் நியாயமானது, ஆனா மார்க்க கூட்டறதுல ஒரு பெரிய சிக்கல் இருக்கு. ஒரு தொகுப்புக்கு மூணு பேரும் பத்துக்கு ஏழு ஏழுன்னு போடறாங்கன்னு வைங்க, 21 ஆச்சு. இன்னொரு தொகுப்புக்கு ஒருத்தர் பத்து, ஒருத்தர் ஒன்பது, மூணாமத்தவருக்கு சுத்தமா பிடிக்கல, ஒன்னு போடறாரு, மொத்தம் 20. ஜெயிக்கறது எது? யாருக்கும் தொந்தரவு குடுக்காத அந்த ஏழு. ரெண்டு பேரு இதுக்காக சண்ட போட தயாரா இருக்கற ஒரு வேலைய, யாருமே சண்ட போடாத ஒரு வேலை தோக்கடிச்சிடும். வருஷா வருஷம் கூட்டிக்கிட்டே போனீங்கன்னா படகு, சூரிய அஸ்தமனம், புகை நடுவுல பாட்டின்னு ஒரே மாதிரி படமாத்தான் சுவத்துல தொங்கும், பிள்ளைங்களும் அதப் பாத்து அதையே எடுக்க ஆரம்பிப்பாங்க.

அதனால நாங்க பண்ணது என்னன்னா, மொத சுத்து வாயத் திறக்காம, மேஜை மேல பரப்பி வச்சத சுத்தி வந்து பாத்து அவங்கவங்க பேப்பர்ல குறிச்சிக்கறது. யாரு மொதல்ல பேசறாங்களோ அவங்க சொன்னதுதான் மத்தவங்க கண்ணுலயும் ஒட்டிக்கும், அதுக்குத்தான் அந்த மௌனம். ரெண்டாவது சுத்துல ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு உரிமை, மத்த ரெண்டு பேரும் தள்ளின ஒரு தொகுப்ப திரும்ப மேஜைக்கு கொண்டு வரலாம், ஆனா ஏன்னு படத்த காட்டி சொல்லணும். "எனக்கு ஒரு மாதிரி ஃபீல் ஆச்சு"ன்னு சொன்னா செல்லாது, எந்த படம், அதுல எந்த மூலைன்னு விரல் வைக்கணும். அந்த மண்டபத் தொகுப்பு மொத சுத்துல ஒரே ஒருத்தர் பேப்பர்லதான் இருந்துச்சு. இப்படித்தான் உள்ள வந்துச்சு.

சிபாரிசுக்கு வர்றேன். பிரிண்ட்டுக்கு பின்னாடி நம்பர் மட்டும்தான், பேர் கிடையாது. அதுவே போதும்னு நான் சொல்லல, ஒரே ஊர்ல இருக்கற வாத்தியாருக்கு தன் மாணவனோட படம் தெரியாமலா போயிடும். அப்படி தெரிஞ்சா உடனே சொல்லிட்டு அந்த தொகுப்ப பேசறப்ப ரூம விட்டு வெளிய போயிடணும். சொந்தக்கார பிள்ளை போட்டியில இருந்தா அந்த வருஷம் நடுவராவே வரக்கூடாது. போன் போட்டு "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பாத்துக்கோங்க"ன்னு சொல்றவங்க இருக்கத்தான் செய்றாங்க, அந்த போனால அந்த பையனுக்குத்தான் கெடுதல், ஏன்னா அப்புறம் அவன் நெஜமாவே நல்லா பண்ணியிருந்தாலும் மனசு ஒரு அடி பின்னாடி போகும். பிள்ளை மேல அக்கறை இருக்கறவங்க தயவுசெஞ்சு அந்த போன போடாதீங்க.

கஷ்டப்படறவங்கள, வயசானவங்கள, குப்பை பொறுக்கற குழந்தைங்கள எடுத்தாத்தான் பரிசுன்னு எங்க சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா சார்?
– மூணாம் வருஷ மாணவன், திண்டுக்கல்

உங்க சீனியர்ஸ் சும்மா சொல்லல தம்பி, ரொம்ப வருஷமா பல போட்டிகள்ல அப்படித்தான் நடந்துச்சு, அதனால கோபம் நடுவர்கள் மேலதான் வரணும். 2018ல ஒரு விஷயம் நடந்துச்சு. அலெஸ்ஸியோ மாமோன்னு ஒரு இத்தாலிய போட்டோகிராபர், 2011ல உத்தரப் பிரதேசத்துலயும் மத்தியப் பிரதேசத்துலயும் எடுத்த படங்க, வேர்ல்ட் பிரஸ் போட்டோங்கற உலகப் பத்திரிகைப் பட அமைப்போட இன்ஸ்டாகிராம்ல வந்துச்சு. கிராமத்து ஏழை ஜனங்க, குழந்தைங்க, ஒரு மேஜைக்கு பின்னாடி கண்ண கையால மூடிக்கிட்டு நிக்கறாங்க. மேஜை மேல சாப்பாடு. அது நெஜ சாப்பாடு இல்ல, அவரு கையோட கொண்டு போன பொய் சாப்பாடு, "உங்களுக்கு என்ன சாப்பிட ஆசையோ அத கனவு காணுங்க"ன்னு சொல்லி நிக்க வச்சிருக்காரு. உலகம் பூரா திட்டு விழுந்துச்சு, விழ வேண்டியதுதான். வெளிச்சம், நிறம், எல்லாம் அந்த படத்துல சுத்தமா இருந்துச்சு. ஆனா மேஜைக்கு பின்னாடி நிக்கற பிள்ளைக்கு அந்த படத்துல ஒரு பங்கும் இல்ல, தட்டுக்கு பக்கத்துல வச்ச இன்னொரு பொருள் அவ்வளவுதான்.

இப்ப இதே ஏழ்மையத்தான நம்ம பழனி குமாரும் எடுக்கறாரு, அதுல மட்டும் ஏன் அப்படி தோணலன்னு யோசிச்சு பாருங்க. மதுரைக்காரர், மலக்குழியில இறங்கி சாகறவங்களையும் அவங்க குடும்பங்களையும் வருஷக்கணக்கா தொடர்ந்து எடுத்தவரு, ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி எடுக்கற பெண்களோட தண்ணிக்குள்ளயே இறங்கினவரு, மீன் வித்து தன்ன வளத்த சொந்த அம்மாவோட வேலையவும் எடுத்து, கிராமத்து ஜனங்க வாழ்க்கைய பதிவு பண்ற பாரி (PARI) இணையதளத்துல வெளியிட்டவரு. தயானிதா சிங்னு ஒரு போட்டோகிராபர், அகமதாபாத் என்ஐடிங்கற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல டிசைன் படிச்சு வந்தவங்க, 2022ல ஹாசல்பிளாட்ங்கற பெரிய சர்வதேச புகைப்பட விருது வாங்கினாங்க, பாரியோட சேர்ந்து அவங்க ஆரம்பிச்ச ஆவணப் புகைப்பட விருதோட மொத விருது பழனி குமாருக்குத்தான் போச்சு. அவரு படங்கள்ல இருக்கற ஆளுங்க கேமராவ நேரா பாக்கறப்ப, எடுக்கறவர தெரிஞ்சவங்க பாக்கற பார்வை அது. ஒரு மத்தியானம் போய் எடுத்துட்டு வந்தா அந்த பார்வை கிடைக்காது.

அதனால வறுமைய எடுக்காதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், எடுக்க வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கு. அந்த ஆளுக்கு உங்க பேர் தெரியுமா, பிரிண்ட் அவங்க கைக்கு போச்சா, அவங்க வேண்டாம்னு சொல்ற வாய்ப்பு இருந்துச்சான்னு மட்டும் கேட்டுக்கோங்க. நாங்களும் கேட்டோம். மண்டபத்துல தூங்கற அந்த லைட் பையன் படத்துல ஒரு நடுவருக்கு இதே உறுத்தல், தூங்கறவன் எப்படி சரின்னு சொல்லியிருப்பான்னு. குறிப்ப எடுத்துப் படிச்சா அதுல இருந்துச்சு, எழுந்ததும் காமிச்சேன், சிரிச்சான், அனுப்பிவிடுன்னு வாங்கி வாட்ஸ்அப்ல டிபியா வச்சுக்கிட்டான், போட்டிக்கு குடுக்கலாமான்னு தனியா கேட்டேன், குடுடான்னு சொன்னான்னு. அந்த மூணு வரி இல்லன்னா அந்த படம் என் கண்ணுல வேற மாதிரிதான் பட்டிருக்கும்.

ஃபோட்டோஷாப் எவ்வளவு வரைக்கும் பண்ணலாம்? ஏஐல உருவாக்கினத குடுத்தா கண்டுபிடிச்சிடுவீங்களா?
– கோயம்புத்தூர்

கேள்வியோட ரெண்டாவது பாதி எனக்கு பிடிக்கல, இருந்தாலும் பதில் சொல்றேன். கண்ணால பாத்து எப்பவும் கண்டுபிடிக்க முடியாது. 2023ல சோனி உலகப் புகைப்பட விருதுல ஒரு பிரிவுல ஜெயிச்ச படத்த, அத அனுப்பின ஜெர்மன்காரர் போரிஸ் எல்டாக்சன், இது ஏஐல பண்ணது, எனக்கு பரிசு வேண்டாம்னு சொல்லிட்டாரு. அனுபவசாலி நடுவர்கள்தான் அதத் தேர்ந்தெடுத்தாங்க. அதனால நாங்க கடைசி ரவுண்டுக்கு வந்தவங்ககிட்ட கேமராவுல இருந்து வந்த அசல் ஃபைல கேட்போம், அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த படங்களோட சேர்த்து. உலகப் பத்திரிகைப் பட போட்டியிலயும் இப்படி அசல் ஃபைல வாங்கி ஒப்பிட்டுப் பாக்கறாங்க, 2015ல கடைசிக்கு முந்தின சுத்து வரைக்கும் வந்த படங்கள்ல 20 சதவீதம் அப்படித்தான் அடிபட்டு போச்சு. அதே வருஷம் பெல்ஜியத்துல சார்லெராய்ங்கற ஊர பத்தின ஒரு தொகுப்புக்கு குடுத்த பரிச திரும்ப வாங்கினாங்க, ஏன்னா அதுல ஒரு படம் அந்த ஊர்லயே எடுத்தது இல்ல, பிரஸ்ஸல்ஸ் பக்கம் எடுத்தது. அதுல ஃபோட்டோஷாப்பே இல்ல பாருங்க, கீழ எழுதின வரிதான் பொய்.

ஆனா அது செய்திப் பட போட்டி. நீங்க கலை மாணவர், உங்களுக்கு சுதந்திரம் அதிகம். பெங்களூர் கலைஞர் புஷ்பமாலா, பரோடாவுல சிற்பம் படிச்சவங்க, கிளேர் ஆர்னிங்கற போட்டோகிராபரோட சேர்ந்து 2000ல இருந்து 2004 வரைக்கும் தென்னிந்தியப் பெண்கள் பத்தி ஒரு பெரிய தொகுப்பு பண்ணாங்க. ரவிவர்மா ஓவியத்துல வர்ற பொண்ணா, வெள்ளைக்காரன் கட்டம் போட்ட திரைக்கு முன்னாடி நிக்க வச்சு அளவெடுத்த தோடர் பொண்ணான்னு, தானே வேஷம் கட்டி செட்டு போட்டு எடுத்த படங்க அதெல்லாம். மொத்தமும் ஜோடனைதான், ஜோடனைன்னு பாக்கற உடனே தெரியும், அந்த பழைய படங்கள்ல எவ்வளவு ஜோடனை இருந்துச்சுன்னும் அதுலதான் நமக்கு உறைக்கும். நீங்களும் ஒட்டுங்க, வெட்டுங்க, செட் போடுங்க, விதி அனுமதிச்சா ஏஐ கூட சேருங்க. குறிப்புல அத எழுதுங்க. எழுதாம ஒளிச்சு வச்சது தெரிய வந்தா, படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் நான் எதிர்த்துத்தான் ஓட்டு போடுவேன்.

ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்லூரி பசங்க பிரிண்ட்டுக்கு என்கிட்டதான் வராங்க. அவங்களுக்கு என்ன சொல்லி அனுப்பட்டும்?
– விருதுநகர்

ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி, உங்கள மாதிரி ஒருத்தர் கேட்டு செஞ்சாலே பாதி பிள்ளைங்க தப்பிச்சிடும். பளபளன்னு இருக்கற கிளாஸி பேப்பர் வேண்டாம்னு சொல்லிடுங்க. கல்லூரி ஹால்ல மேல ட்யூப் லைட் இருக்கும், கிளாஸி பேப்பர்ல இருட்டான படத்த மாட்டினா அந்த ட்யூப் லைட்டும் நம்ம மூஞ்சியும்தான் தெரியும். மேட் இல்லன்னா லஸ்டர், ரொம்ப மினுக்காத பேப்பரா இருக்கட்டும். பசங்க லேப்டாப் வெளிச்சத்த ஃபுல்லா வச்சு எடிட் பண்ணிட்டு வருவாங்க, பிரிண்ட்ல நிழலெல்லாம் அடைச்சுக்கிட்டு கருப்பா விழும், வெளிச்சத்த பாதிக்கு குறைச்சு திரும்ப ஒரு தடவ பாக்க சொல்லுங்க, மொத்தமா ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு சின்ன துண்டு டெஸ்ட் போட்டு குடுங்க. சன்போர்டுல, அதான் அந்த லேசான ஃபோம் அட்டையில, ஒட்டறதா இருந்தா காத்துக் குமிழ் இல்லாம ஒட்டுங்க. லாமினேஷன் கேட்டா தயவுசெஞ்சு மறுத்துடுங்க. எல்லாம் ஒரே சைஸ், சுத்தி வெள்ளை ஓரம் விட்டு, போதும். தங்க ஃபிரேமுக்கு செலவு பண்ற காசுல அவங்க இன்னும் ரெண்டு தடவ டெஸ்ட் பிரிண்ட் பாக்கலாம்.

குறிப்ப தமிழ்ல எழுதினா மதிப்பு குறையுமா?
– புதுச்சேரி

குறையக்கூடாது. தமிழ் படிக்கத் தெரியாத நடுவர் வந்தா கல்லூரிதான் மொழிபெயர்த்து தரணும், அது மாணவரோட வேலை இல்ல. இந்த வருஷம் பாத்ததுல, எங்கேயோ படிச்ச பெரிய பெரிய வார்த்தைங்கள வச்சு கட்டின இங்கிலீஷ் குறிப்புங்கள்ல படத்துக்கு சம்பந்தமே இல்லாத அடையாளம், நினைவு, வெளின்னு என்னென்னவோ இருந்துச்சு, எந்த படத்துக்கு பின்னாடியும் அத ஒட்டிடலாம். எங்க எடுத்தீங்க, அந்த எடத்துக்கும் உங்களுக்கும் என்ன ஒட்டு, ஏன் இத்தன நாள் அங்கயே போனீங்க, எத சேர்க்காம விட்டீங்க. நீங்க வீட்ல பேசற தமிழ்லயே எழுதுங்க.

என் பொண்ணு நாலு வருஷம் பிஎஃப்ஏ (கவின்கலை பட்டப்படிப்பு) படிச்சு முடிக்கறா. போட்டோதான் எல்லாம்னு இருக்கா. போட்டியில ஆறுதல் பரிசு கூட வரல, ரூம விட்டு வெளிய வரல. நாங்க கஷ்டப்பட்டுத்தான் படிக்க வச்சோம். இத நம்பி விடலாமா சார், இல்ல வேற ஏதாவது படிக்க சொல்லட்டுமா?
– ஒரு அப்பா, திருச்சி

ஐயா, உங்க கடிதத்தத்தான் நான் ரொம்ப நேரம் கையில வச்சிருந்தேன். மொதல்ல ஒன்னு, மூணு பேர் ஒரு நாள்ல எடுத்த முடிவு அது. வேற மூணு பேர் உக்காந்திருந்தா வேற பேரு வந்திருக்கும், நடுவரா இருந்தவனே சொல்றேன் நம்புங்க. எங்க மேஜையில கடைசியா மிஞ்சின தொகுப்புங்களுக்குள்ள வித்தியாசம் நூலிழைதான், அதுல யாரயும் "இந்த பிள்ளைக்கு இது வராது"ன்னு சொல்ற தகுதி எங்க யாருக்கும் இல்ல.

பொழப்பு பத்தி கேட்டீங்க, பூசி மெழுகாம சொல்றேன். கலைப் படம் மட்டும் வித்து சாப்பிடறது நம்ம ஊர்ல ரொம்ப ரொம்ப கஷ்டம், அத நம்பி விடாதீங்க. ஆனா கேமரா தெரிஞ்ச, வரையவும் தெரிஞ்ச, வெளிச்சம் புரிஞ்ச பிள்ளைக்கு வேலை இல்லாம போகாது. நகைக்கடை, துணிக்கடைக்கெல்லாம் பொருள் படம் தினமும் வேணும், அதுக்கு நல்ல கை கிடைக்காம தவிக்கறாங்க. பத்திரிகை இருக்கு, சினிமாவுல ஸ்டில்ஸ் இருக்கு, ஸ்கூல்ல ஓவிய வாத்தியார் வேலை இருக்கு. அருங்காட்சியகங்கள், சுவடி நூலகங்கள், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மாதிரி கோயில் படங்கள பெரிய தொகுப்பா வச்சு காப்பாத்தற எடங்கள், இங்கெல்லாம் பழைய பொருள ஒழுங்கா படம் எடுத்து பதிவு பண்ண ஆள் தேவை, பொறுமையான பிள்ளைங்களுக்கு அருமையான வேலை அது. கல்யாணப் படத்த யாரும் மட்டமா நினைக்க வேண்டாம், இந்த வருஷ பரிசே அந்த வேலைக்கு போன எடத்துல இருந்துதான் வந்துச்சு.

ஹோமாய் வியாரவாலான்னு ஒரு அம்மா, பம்பாய் ஜேஜே ஓவியப் பள்ளியில படிச்சவங்க, இந்தியாவோட மொத பெண் பத்திரிகை போட்டோகிராபர். ஆரம்பத்துல அவங்க எடுத்த படங்களே வீட்டுக்காரர் பேர்லதான் அச்சாச்சு. அப்படி இருந்தவங்கதான் சுதந்திரம் வந்த சமயத்து டெல்லிய, நேருவ, காந்தியோட இறுதி ஊர்வலத்தையெல்லாம் எடுத்தாங்க, 2011ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. எல்லாரும் ஹோமாய் ஆயிடுவாங்கன்னு உங்களுக்கு ஆசை காட்டல, தன் பேர் கூட அச்சுல வராத காலத்துலயும் அவங்க வேலைய நிறுத்தலங்கறதுக்காக சொல்றேன்.

ஒரு வருஷம் டைம் குடுங்க. அந்த ஒரு வருஷத்துல சம்பாதிக்கற வேலை ஒன்னு கட்டாயம் வேணும்னு கறாரா சொல்லுங்க, அது அவளுக்கும் நல்லது. கூடவே வாரத்துல ஒரு நாள் அவ இஷ்டத்துக்கு படம் எடுக்கற நாள், அன்னைக்கு கடைக்கு போ, விருந்தாளி வராங்கன்னு கூப்பிடாதீங்க. இப்போதைக்கு இன்னும் ஒன்னு செய்ங்க, அந்த 12 படத்தயும் உங்களுக்கு காட்ட சொல்லுங்க. நல்லா இருக்கு நல்லா இல்லன்னு எதுவும் சொல்ல வேண்டாம், ஒவ்வொன்னையும் எங்க எடுத்தன்னு மட்டும் கேளுங்க, பேச ஆரம்பிச்சிடுவா.

பரிசு வரலன்னா ஏன் வரலன்னு நடுவர்கிட்ட கேக்கலாமா, கேட்டா தப்பா நினைப்பாங்களா?
– கடைசி வருஷ மாணவன், வேலூர்

கேளுங்க தம்பி, கேக்கறது உங்க உரிமை, பதில் சொல்றது எங்க கடமை. நான் நடுவரா வர்றதுக்கு சம்மதிக்கறப்பவே கல்லூரிகிட்ட சொல்லிடுவேன், ரிசல்ட் அறிவிச்ச மறுநாள் அரை நாள் ஒதுக்குங்க, பரிசு வாங்காதவங்க எல்லாரும் பிரிண்ட்டோட வரட்டும், ஆளுக்கு பத்து நிமிஷமாவது உக்காந்து பேசணும்னு. பொன்னாடையும் கேடயமும் குடுத்து குரூப் போட்டோ எடுத்துட்டு நடுவர கார்ல ஏத்தி அனுப்பிடற பழக்கம் இருக்கே, அதுல தோத்த பிள்ளைங்களுக்கு ஒன்னுமே கிடைக்கறதில்ல, எண்ணிக்கையில அவங்கதான ஜாஸ்தி.

கேக்கறப்ப "ஏன் எனக்கு குடுக்கல"ன்னு ஆரம்பிச்சா நடுவர் சமாதானம் சொல்ல ஆரம்பிச்சிடுவாரு, அது உங்களுக்கு பிரயோஜனப்படாது. படத்த மேஜையில வரிசையா வச்சிட்டு, இதுல எந்த எடத்துல உங்க கவனம் போச்சு, எத எடுத்திருந்தா தொகுப்பு நல்லா ஆகியிருக்கும், நான் சேர்க்காம விட்ட இந்த ஆறுல ஏதாவது உள்ள வந்திருக்கணுமான்னு கேளுங்க. விட்ட படங்களையும் கையோட எடுத்துட்டு போங்க, அது முக்கியம். நடுவருக்கு ஞாபகம் இல்லன்னா அவரே திரும்ப பாக்கட்டும், பத்து நிமிஷம்தான. அவரு சொன்னது எல்லாத்தயும் ஏத்துக்கணும்னு இல்ல, எழுதி வச்சுக்கோங்க, மூணு பேரும் தனித்தனியா ஒரே படத்த காட்டினா மட்டும் அத பத்தி யோசிங்க.